‘வைக்கட்டா’வுக்குப் பிறகு

தமிழ்நாட்டு ஆண்கள் எல்லோரும் இரண்டே வாரத்தில் திருந்திவிட்டார்கள் என்று கேக் வெட்டிக் கொண்டாடிய அலுவலகம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அந்தக் கேக்கில் முதல் துண்டு எனக்கு. ஏனென்றால் அவர்களைத் திருத்தியவள் நான்தானாம்.

என் பெயர் இசக்கியம்மாள். சிறுசேரியில், பழைய சாலையைக் கடல் தின்றது போக மிச்சமிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் ஆறாவது மாடியில் வேலை. காலையில் படகில் வந்து இறங்குவோம், மாலையில் படகில் போவோம். மேலாளர் நிரஞ்சன் என்னை ‘இஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார். முழுப் பெயரைச் சொன்னால் அவருக்கு வாய் வலிக்கும். ஆனால் ஜெர்மனியிலிருந்து வரும் வாடிக்கையாளரின் பெயரை மூச்சு விடாமல், ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லுவார். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் கால் என்னுடையது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அதுவரை அந்த வாசலை அடைத்துக்கொண்டு நின்றது யார் என்ற கோபத்தில் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் அரசின் குறைகேள் எண்ணை நடத்துகிறது. தண்ணீர் வரவில்லை, ரேஷனில் பெயர் விட்டுப்போச்சு, தெருவிளக்கு எரியவில்லை, புருஷன் அடிக்கிறான், எல்லாவற்றுக்கும் ஒரே எண். ஐந்தாவது மாடியில் நாற்பது பெண்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவார்கள். அவர்களுக்குத் தலைவி பிலோமினா அக்கா. காசிமேட்டுக்காரி. அவர் ‘வணக்கம்’ என்று சொல்வது ஆறாவது மாடிக்குக் கேட்கும்.

அந்த நாற்பது பேர் வேலையையும் ஒரே ஆள் பார்க்கும்படி நான் ஒரு கருவிக்கு நிரல் எழுதினேன். காது மடலில் மாட்டுவது என்பதால் எல்லோரும் அதைத் ‘தோடு’ என்றார்கள். இரண்டு வாரச் சோதனை. அது முடிந்த அன்று மாலை நான்கு மணிக்குத் துறைச் செயலர் வந்து கையெழுத்துப் போடுவார். போட்டால் நாற்பது பேருக்கும் மறுநாள் முதல் வேலை இல்லை. ஒப்பந்தப் பணியில் இருக்கும் எனக்கு நிரந்தர வேலை.

விஷயம் காற்றில் கசிந்ததும் பிலோ அக்கா என்னை உணவகத்தில் மடக்கிவிட்டார்.

“இன்னாடி செஞ்சிகினு கீற மேல? எங்களுக்கு ஆப்பு வைக்கிற மிஷினாமே?”

“மிஷின் இல்லக்கா. தோடு.”

“தோடோ மூக்குத்தியோ. எப்டி வேலை செய்யுதுன்னு சொல்லு. தெரிஞ்சிகினு சாவறோம்.”

“கல்யாணப் பந்தில பரிமாறியிருக்கீங்களாக்கா?”

“பரிமாறினது கம்மி. துன்னது ஜாஸ்தி.”

“சரி, கேளுங்க. நீங்க இப்ப எப்படிப் பரிமாறுறீங்கன்னா, ஒரு இலை முன்னாடி சாம்பார் வாளியோட போய் நின்னுடுறீங்க. அந்த ஆளு தின்னு முடிச்சு, தண்ணி குடிச்சு, ஏப்பம் விடுற வரைக்கும் நகர மாட்டீங்க. அடுத்த இலைக்காரன் காஞ்சு கெடப்பான். தோடு அப்படி நிக்காது. வரிசையில போய்க்கிட்டே இருக்கும். ஒவ்வொரு இலைகிட்டயும் ரெண்டே கேள்வி. ஏதாவது கேட்டியா? போட எடம் இருக்கா? கேட்டிருந்தா வாங்கிக்கும். எடம் இருந்தா போடும். ரெண்டும் இல்லியா, அடுத்த இலை. மொத்தப் பந்தியையும் ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி மொத இலைக்கு வர்றப்போ, அந்த ஆளு ஒரு வாய்கூட மென்னு முடிச்சிருக்க மாட்டான். தன்கிட்ட மட்டும்தான் நிக்கிறோம்னு நெனச்சுக்குவான்.”

“அப்போ ஒரே ஆளு மொத்தப் பந்தியும் பாத்துக்கலாம்.”

“ஆமா.”

“அந்த ஒரே ஆளு யாரு?”

“சோதனைக்கு நான்தான்.”

“நாங்க நாப்பது பேரும் கை கழுவிகினு போறதா?”

“நான் எழுதலைன்னா வேற எவனாவது எழுதியிருப்பான்க்கா” என்றேன். எல்லோரும் சொல்வதுதான். படித்தவர்களுக்கு இது சீக்கிரமே வாயில் வந்துவிடுகிறது.

“எவனாவது எழுதியிருந்தா நிம்மதியா திட்டிகினு இருப்பேன். நீ எழுதிக்கீறியே, வாய் வரமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்த வடையை என் தட்டில் தள்ளினார். “துன்னு. கண்ணெல்லாம் உள்ள போயிகிச்சி.”

தோட்டை மாட்டிக்கொண்ட முதல் நாள் எனக்குக் கிடைத்த போதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அழைப்பவர்கள் பேசுவது அவரவர் பெயரில் ஒரு தொட்டியில் வந்து விழும். தோடு சுற்றி வந்து அதை அள்ளி, ஒரு மின்னல் மாதிரி எனக்குள் போடும். செங்குன்றத்தில் குழாய் உடைந்திருப்பதும் திருத்தணியில் உதவித்தொகை வராததும் எனக்கு ஒரே நேரத்தில் தெரியும். நான் மனதில் நினைக்கிற பதிலை என் குரலிலேயே, அவரவர் கேட்கும் வேகத்தில் அது பேசிவிடும். கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு ஒவ்வொரு துளியின் சத்தத்தையும் தனித்தனியாகக் கேட்பது போல இருந்தது. அப்பா உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நடந்து செத்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பத்து மாவட்டம் நடந்தேன்.

சில்லறைத் தொல்லைகளும் இருந்தன. நேரில் பேசுகிறவர்களும் வரிசையில்தான் நின்றார்கள், அதுவும் கடைசியில். காவலாளி வாசலில் “சாப்ட்டாச்சாம்மா?” என்று கேட்பார். நான் ஆறாவது மாடிக்குப் போய் லிஃப்டை விட்டு இறங்கும்போது, அங்கே யாரும் இல்லாத சுவரைப் பார்த்து “ஆச்சுண்ணே” என்பேன். காலையில் தோழி சொன்ன நகைச்சுவைக்கு மதியம் மேலாளர் கூட்டத்தில் சிரித்தேன். அம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினாலும் அதுவும் வரிசையில் ஓர் இலைதான். அம்மா நலம், மழை இல்லை, ஆடு குட்டி போட்டிருக்கிறது என்று மின்னல் வரும். நல்லது என்று நினைப்பேன். அடுத்த இலை.

இலையை மூடிவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று பந்தியில் தெரியும். தொலைபேசியில் எப்படித் தெரியும்? அதற்கும் நான் வழி செய்திருந்தேன். ‘சரிங்க’, ‘நன்றிங்க’, ‘வச்சிடவா’, ‘வைக்கட்டா’ என்று விடைபெறும் சொற்களையெல்லாம் தோட்டுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அழைத்தவர் அப்படி ஏதாவது சொன்ன கையோடு தோடு என் குரலில் “சரிங்க” என்று சொல்லி இணைப்பை மூடிவிடும். இலையை எடுத்தால்தானே அடுத்த ஆள் உட்கார முடியும்? நிரஞ்சனுக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. “பியூட்டிஃபுல், இஸ்ஸி. வேஸ்ட்டே இல்ல” என்றார்.

அப்புறம் அந்தக் கேக்.

சோதனை முடிந்த அன்று காலையில் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். தலை திடீரென்று காலி வீடு மாதிரி எதிரொலித்தது. நிரஞ்சன் சுவர்த்திரையில் வரைபடங்களைப் போட்டார். அழைப்பு நேரம் பாதியாகியிருந்தது. யாருமே வரிசையில் காத்திருக்கவில்லை. தெருவிளக்கு, குடிநீர், ரேஷன் எல்லாம் வழக்கம்போல. கடைசியாக ஒரு வரைபடம். கோடு படிப்படியாக இல்லாமல், மாடியிலிருந்து குதித்தது போல நேராகக் கீழே விழுந்து தரையோடு படுத்திருந்தது.

“குடும்ப வன்முறை. ஜீரோ! ரெண்டு வாரமா ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. போன மாசம் வரைக்கும் எவ்ளோ வந்துட்டு இருந்தது தெரியுமா?” என்றார் நிரஞ்சன்.

“எப்படி சார்?” என்றேன்.

“க்விக் சர்வீஸ் குடுத்தா மக்கள் ஹேப்பியா இருப்பாங்க. தண்ணி டைமுக்கு வந்தா வீட்ல ஏன் சண்டை வருது?”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எங்கள் தெருவில் தண்ணீர் வந்த நாளிலும் அடி விழும், வராத நாளிலும் விழும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கேக் நன்றாக இருந்தது.

அப்போதுதான் கீழே வாசலிலிருந்து காவலாளி கூப்பிட்டார். “உங்கம்மா வந்திருக்காங்கம்மா.”

அம்மா பெயர் முத்துக்கனி. நாற்பத்தேழு வயது. உப்பளத்து வெயிலில் கருத்து இறுகிய உடம்பு. தூத்துக்குடி தாண்டி எங்கேயும் தனியாகப் போகாதவள், ரயிலேறி, படகேறி வந்து காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எம்மா! என்னாச்சு? எதுக்கு வந்த?”

“ஏன், வரக் கூடாதா? என்னட்டி இப்படி எளச்சிட்ட?”

“எளைக்கல. விஷயத்தச் சொல்லு.”

“விஷயம் என்னத்த. சும்மாதான் வந்தேன்.”

அறுநூறு கிலோமீட்டர் தாண்டி யாராவது சும்மா வருவார்களா? உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேக்கும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அம்மா மழையைச் சொன்னாள். ஆட்டைச் சொன்னாள். இந்த வருஷம் உப்பு விளைச்சலைச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி மகள் துபாயிலிருந்து வந்து போனதைச் சொன்னாள். கேக்கில் உப்பு போதாது என்றாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

“சரி, கெளம்பட்டா? வண்டிக்கி நேரமாச்சி” என்று அம்மா எழுந்தாள்.

“சரிம்மா” என்றேன்.

படகுத்துறை வரை நடந்தோம். அம்மா ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தாள். பிறகு அந்தக் காலை எடுத்து மறுபடி கரையில் வைத்தாள்.

“ஏ இசக்கி.”

“என்னம்மா?”

“வார திங்கக்கெழம எனக்குக் கல்யாணம்.”

படகு ஆடியது. நானும் ஆடினேன்.

“என்னது?”

“கல்யாணம்ட்டி. பதிவு ஆபீஸ்ல வச்சு. உப்பு லாரி ஓட்டுதாவள்லா, தங்கபாண்டி, அவுகதான். நல்ல மனுசன். வாய்க்கு வாய் பேசுவாரு. ஆனா கை நீட்ட மாட்டாரு. ஒனக்கு வருத்தம்னா வேண்டாம்.”

“யம்மா, ஏறுறியா, எறங்குறியா?” என்றார் படகுக்காரர்.

“இருங்கண்ணே! எங்கம்மா கல்யாண விஷயம் பேசிட்டு இருக்கோம்!” என்று கத்தினேன். படகிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் அங்கிருந்தே கையைத் தூக்கி வாழ்த்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டேன். “எனக்கென்ன வருத்தம்? நல்லா இரு. இத போன்லயே சொல்லியிருக்கலாம்ல? இதுக்கா இவ்வளவு தூரம் வந்த?”

“எங்க சொல்ல விட்ட? மூணு தடவ போன் போட்டேன். சாப்ட்டியான்னு கேட்டேன், மழையச் சொன்னேன், வைக்கட்டான்னு கேட்டேன். ஒடனே சரிங்கன்னு டொப்புனு வச்சிட்ட. பெத்தவளுக்கு என்னட்டி சரிங்க?”

“நீதானம்மா வைக்கட்டான்ன?”

“வைக்கட்டான்னா வச்சிருததா? ஊர்ல எவ அப்படி வைக்கா? எடுத்த எடுப்புலயே இதச் சொல்ல முடியுமா? வெக்கமா இருக்கும்லா? பேசி முடிச்சி, எந்திச்சி, கெளம்பதுக்கு முன்ன அந்தால ஒரு வார்த்தையாச் சொல்லணும்னு இருந்தேன்.”

அம்மா ஏறினாள். படகு நகர்ந்தது. கையை ஆட்டிக்கொண்டே நின்றவள் அப்படியே உறைந்துபோனேன்.

தரையோடு படுத்திருந்த அந்தக் கோடு.

புருஷன் அடிக்கிறான் என்று சொல்ல வருகிற எவள் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்வாள்? ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்பாள். தெருக்குழாயைப் பற்றிக் கேட்பாள். குரலைப் பார்ப்பாள், ஆள் எப்படி என்று பார்ப்பாள். ‘சரிங்க, வைக்கட்டா?’ என்பாள். அதற்கப்புறம்தான் அவள் எதற்காக அழைத்தாளோ அது வரும். அந்த இடத்தில்தான் நான் கத்தரியை வைத்திருந்தேன். ஆண்கள் ஒருவனும் திருந்தவில்லை. நான் பெண்களின் வாயை மூடியிருக்கிறேன். எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு இது. அதைத்தான் ‘வேஸ்ட்’ என்று வெட்டினேன்.

படியேறி ஓடினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. ஐந்தாவது மாடியில் நாற்பது பேரும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டில், சாமி படம், மேசையடியில் ஒளித்து வைத்திருந்த ஊறுகாய். இரண்டு வாரமாக வேலை இல்லாமல் தாயம் ஆடிய கட்டம் தரையில் சுண்ணாம்பால் அப்படியே இருந்தது.

“பிலோ அக்கா, எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க. ஒண்ணு போட்டுக் காட்டுறேன்.”

“இன்னா, கேக்கு மிச்சம் கீதா?”

தோடு இணைப்பை மூடினாலும் அழைத்தவர் பேசுவது உடனே நின்றுவிடாது. அவர் கையிலிருக்கும் கருவி ஓய்கிற வரை பேச்சு தொட்டியில் விழுந்துகொண்டேதான் இருக்கும். அள்ளத்தான் யாரும் வர மாட்டார்கள். அரசு அழைப்பு என்பதால் சட்டப்படி அதை ஒரு மாதம் அழிக்கக் கூடாது. அப்படி அள்ளப்படாமல் கிடந்த பேச்சு வால்களை எடுத்து ஒலிபெருக்கியில் விட்டேன்.

முதல் குரல் அரக்கோணம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அழைத்தவள். “சரிங்க, வைக்கட்டா?” என்கிறாள். என் குரல் “சரிங்க” என்கிறது. பிறகு மூச்சு. “அப்புறம் ஒண்ணுங்க… இல்ல, ஒண்ணுமில்ல. இருக்கீங்களா? நேத்தும் அடிச்சாருங்க. பரவால்ல… வச்சிட்டீங்களா?”

ஊறுகாய் பாட்டிலைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தவள் அதை எடுத்து மேசையில் வைத்தாள்.

அடுத்தது பொன்னேரிக் கிழவர். தெருவிளக்கு. “வச்சிடட்டுமாம்மா? விளக்கு எரியுதும்மா. அது சும்மா சாக்கு. பேசி நாலு நாளாவுது, அதான்…”

அடுத்தது ஓர் இளைஞன், சாலையில் குழி. “ஓகே மேடம், வைக்கட்டுமா? அப்புறம் மேடம், உங்க வாய்ஸ் செமயா இருக்கு.”

“இவனுக்கு வச்சது கரீக்டு” என்றார் பிலோ அக்கா. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் அடுத்த குரல் வந்துவிட்டது. திண்டிவனம். சின்னப் பெண். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி உடைந்திருக்கிறது என்று அழைத்தவள். “தேங்க்ஸ்க்கா. வைக்கட்டா? அக்கா… எனக்குப் பதினஞ்சுதான் ஆவுது. வர்ற வெள்ளிக்கிழம எனக்கு… அக்கா?”

அந்த அழைப்பு வந்தது திங்கட்கிழமை. அன்று புதன்கிழமை.

பிலோ அக்கா எழுந்து போய், பையில் கட்டியிருந்த காதுக்கருவியை உருவி எடுத்தார். “லைன் இன்னும் உயிரோட கீதா?”

“சாயங்காலம் வரைக்கும் இருக்கும்க்கா. ஆனா நீங்க எடுக்க அனுமதி இல்ல.”

“யாரு கேட்டா?” திண்டிவனத்துக்குப் போட்டார். மேல்மாடிக்குக் கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. “கண்ணு, அன்னிக்கு லைன் கட்டாயிகிச்சிம்மா, மன்னிச்சிக்க. தண்ணித் தொட்டி ஆளு வந்து பாத்தாங்களா?” எதிர்முனையில் ஏதோ பதில். “அப்டியா? சரிடா… இல்ல இல்ல, எனக்கு ஒரு அவசரமும் இல்ல.” பிறகு பேசவே இல்லை. ‘ம்’ மட்டும் கொட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்து ஒரு துண்டுத் தாளில் கிறுக்கி என்னிடம் நீட்டினார். ஊர் பெயர், தெரு. குழந்தை நல அலுவலருக்குத் தகவல் போக வேண்டும். ஓடினேன்.

திரும்பி வந்தபோது நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்தது. கட்டிய மூட்டையெல்லாம் மேசைமேல் அப்படியே கிடக்க, ஆளுக்கு ஒரு வாலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நிரஞ்சன் வந்தார். முகம் சிவந்திருந்தது. “இஸ்ஸி, வாட் இஸ் திஸ்? நாலு மணிக்குச் செயலர் வர்றாங்க!”

“மணி நாலுதான் நிரஞ்சன்” என்றது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

துறைச் செயலர் அங்கயற்கண்ணி. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் கோப்பு. சத்தமாகப் பேசாதவர். அப்படிப்பட்டவர்களிடம் எனக்குப் பயம். ஆனாலும் ஆரம்பித்துவிட்டேன். எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது.

“மேடம், அந்தப் பூஜ்யம் பொய். நான் செஞ்ச பொய்.” அவரை உட்கார வைத்து, வால்களைப் போட்டுக் காட்டினேன். அரக்கோணம், பொன்னேரி, திண்டிவனம். அவர் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

நிரஞ்சன் குறுக்கே வந்தார். “மேடம், சின்ன இஷ்யூ. வைக்கட்டான்னு சொன்ன அப்புறம் அஞ்சு செகண்ட் வெயிட் பண்ணச் சொல்லிடலாம். சிம்பிள் ஃபிக்ஸ்.”

“அஞ்சு செகண்ட்ல எவ சார் சொல்லுவா?” என்றேன். “எங்கம்மாவுக்கு ஒரு மணி நேரமாச்சு, அதுவும் படகுல ஒரு கால வச்ச பிறகு. எதிர்ல ஆள் நிக்குதா, நமக்காகத்தான் நிக்குதான்னு தெரிஞ்சாத்தான் அந்த வார்த்த வரும். எல்லா இலைகிட்டயும் நிக்க முடியாது சார். நின்னா ஒரு இலைகிட்டதான் நிக்கலாம். நாம வீண்னு நெனச்சு வெட்டிப்போட்ட அந்த நிக்கிறதுதான் வேலையே. மழை, குழாய், ரேஷன் வரைக்கும் தோடு பாத்துக்கட்டும், நல்லாவே பாத்துக்கும், நான் எழுதினது அது. வைக்கட்டான்னு சொன்ன உடனே லைன் இந்த மாடிக்கு வரணும். இவங்ககிட்ட.”

“இன்னா லைன், இன்னா மாடி, புரியிற மாரி சொல்லு” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கிசுகிசுத்தார் பிலோ அக்கா.

“வேலை போகாதுங்கறேன்க்கா.”

“அது புரியுது.”

செயலர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். “புள்ளிவிவரத்துல குறை ஒண்ணும் இல்ல, நிரஞ்சன். இசக்கியம்மாள், நீங்க சொன்னதையும் கேட்டேன்.” என் பெயரை முழுதாகச் சொன்னார். “பரிசீலிக்கிறோம்.”

பரிசீலிக்கிறோம் என்றால் என்னவென்று எங்கள் ஊருக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குச் சாக்கடை இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

“சரி. வரட்டுமா?” என்று எழுந்தார். நிரஞ்சன் துள்ளிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

“இன்னா மேடம், அதுக்குள்ள?” என்றார் பிலோ அக்கா. “டீ சொல்லிக்கீறேன். துன்றதுக்கு ஒண்ணும் இல்லாம வெறும் டீதான்.”

செயலர் கதவருகே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு, “நிரஞ்சன், கார் எங்க நிக்குதுன்னு பாத்துட்டு வர்றீங்களா?” என்றார்.

காராவது ஒன்றாவது, அவர் வந்ததும் படகில்தான். நிரஞ்சனுக்கு அது கீழே இறங்கும் வரை உறைத்திருக்காது.

அவர் போனதும் செயலர் திரும்பி வந்து, பிலோ அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்தார். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார். பிலோ அக்கா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ நாக்கு துறுதுறுத்தது. மேசைக்கு அடியில் பிலோ அக்கா என் காலை மிதித்தார்.

“அப்புறம்…” என்றார் செயலர். டம்ளரைக் கீழே வைத்தார். “நேரா உங்ககிட்ட பேசணும்னா எப்படி? உங்க சீட்டுக்குத் தனி எண் இருக்கா?”

“யாருக்கு மேடம்?”

“என் தங்கச்சிக்கு.”

செயலர் டம்ளரை ஒரு விரலால் நகர்த்தி வைத்தார்.

“தங்கச்சின்னே வச்சுக்குங்களேன்” என்றார்.

பிலோ அக்கா தலையாட்டினார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு ‘ஐயோ’ இல்லை. தாளில் எண்ணை எழுதி மடித்து அவர் கையில் வைத்தார். “தங்கச்சிய எப்ப வேணா போடச் சொல்லுங்க. மழையப் பத்தியே பேசிகினு இருந்தாலும் நான் வைக்க மாட்டேன்.”

“நாளைக்கும் இருப்பீங்கல்ல?”

“அது நீங்க எங்க கையெழுத்துப் போடுறீங்கன்றதப் பொறுத்து, மேடம்.”

செயலர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. அந்த முகத்துக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று யாரும் சத்தியம் பண்ணினாலும் நம்பியிருக்க மாட்டேன். கோப்பைத் திறந்தார். ஒரு வரியை அடித்துவிட்டு, மேலே தன் கையால் எழுதினார்: ‘அழைப்பவர் விடைபெற முற்படும் தருணத்திலிருந்து நேரடிப் பணியாளர் தொடர்வார். தற்போதைய பணியாளர் எண்ணிக்கை குறைக்கப்படாது.’ அதற்குக் கீழே கையெழுத்து.

நிரஞ்சன் மூச்சிரைக்க வந்து, “மேடம், கார் இல்ல மேடம், படகு” என்றார்.

“தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் நிரந்தர வேலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பரிசீலனையில் இருக்கிறது. நிரஞ்சன் என்னை இப்போது எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

ஆனால் அன்று அதைப் பற்றியெல்லாம் நினைக்க நேரமில்லை. நாற்பது பேரும் மூட்டையைப் பிரித்துக்கொண்டும், ஊறுகாயைத் திரும்ப ஒளித்துக்கொண்டும், ஒரு காதால் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். வால்கள் இன்னும் நிறையக் கிடந்தன. புது அழைப்பு ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.

“இன்னா பாத்துகினு கீற? எல்லார் கையும் ரொம்பிக்கீது. எடு!” என்று ஒரு காதுக்கருவியைத் தூக்கி என்னிடம் எறிந்தார் பிலோ அக்கா. அவர் குரல் பழைய உயரத்துக்குத் திரும்பியிருந்தது.

“எனக்கு இதெல்லாம் வராதுக்கா. கோபம் வந்துடும்.”

“வந்தா வரட்டும். வாய மூடிகினு கோவப்படு.”

மாட்டிக்கொண்டேன். தோடு இல்லை. மின்னல் இல்லை. ஒரே ஒரு குரல், அதன் வேகத்தில், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வயதான பெண்ணின் குரல். தெரு நாயைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமாம்.

“கடிச்சிடுச்சாம்மா?” என்றேன்.

கடிக்கவில்லையாம். கறுப்பு நாயாம். நல்ல நாயாம். பிஸ்கட் போட்டால் தின்னாதாம், இட்லி போட்டால்தான் தின்னுமாம், அதுவும் சட்னி இல்லாமல். காலையில் ஒரு பக்கமாகவும் மாலையில் இன்னொரு பக்கமாகவும் படுக்குமாம்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

“எந்தப் பக்கமா படுக்கும்?” என்று கேட்டேன்.